காத்தலும் காட்டலும்

பழையன யாவும் காக்கத்தக்கனவா? இக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில், சீர்திருத்தத்தில் நாட்டமுடையோர் பலர் “அல்ல” என்றே விடையிறுப்பர். அவ்விடையில் நியாயம் இல்லாமலில்லை. பழமை என்ற ஒரே காரணத்தால் ஒன்றைப் போற்றுவது அறிவுடைமையன்று. கட்டுகளை அறுத்துக்கொண்டு வெளியேறிய மக்கள், அக் கட்டுகளின் கயிற்றைப் பெட்டியிலிட்டுப் பூட்டி வைக்கவேண்டுமென்பது வேடிக்கையாகவே தோன்றும். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும், ஒரு பழைய கணக்கு நோட்டு அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது. அந் நோட்டினால் எம் உள்ளத்தில் எழுந்த வழக்கையும், அவ்வழக்கிற்கு நாம் கண்ட தீர்ப்பையும் நேயர்கள் முன் வைப்பதே இக் கட்டுரையின் நோக்கம். தீர்ப்பில் பிழையிருப்பின் திருத்துவது நேயர்கள் கடமை.

நாம் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, இப்பொழுது சிரம்பான் நகரில் குடியிருப்பவர். சென்ற தவணையில், மின்னூலகமும் ஏட்டுப் பாதுகாப்பும் பற்றிய பாடமொன்றை மாணவராயிருந்து பயின்றோம். புத்தகத்தைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் மின்னூலகம் ஆகிவிடும் என்பதே நாம் கொண்டுசென்ற நினைப்பு. முதல் வாரத்திலேயே அது தகர்ந்தது. படம் பிடிப்பது அவ்வேலையில் மிகச் சிறிய பங்கு. பிடித்த படம் இன்னதென்றும், எவருடையதென்றும், எக்காலத்ததென்றும் விவரம் எழுதவேண்டும். எழுதியதைப் பிறர் தேடியெடுக்கும்படி ஒழுங்கு செய்யவேண்டும். பின்னர் அது கெடாதபடி ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளவேண்டும். இம் மூன்றுமின்றி ஏற்றிவைத்த படம், பெயரெழுதாத மூட்டையைக் கிடங்கில் எறிந்தது போலாம்.

அப் பாடத்திற் கேட்ட ஒரு செய்தியை இங்குக் கூறுவது பொருந்தும். இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டில், முதலாம் வில்லியம் மன்னன் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுதுவித்தான். டூம்ஸ்டே புத்தகம் எனப்படும் அது இன்றும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனத்தார், பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதியனுப்பிய செய்திகளையும் படங்களையும் லேசர்த் தட்டுகளில் பதித்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. பெருமுயற்சி செய்தே அச் செய்திகளை மீட்க வேண்டியதாயிற்று. ஒன்பது நூற்றாண்டு கடந்த தோல் ஏடு பேசுகிறது; பதினைந்து ஆண்டுத் தட்டு ஊமையாகிறது! புதுமை என்பதனாலேயே ஒன்று உறுதியாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழிலும் இவ்விபத்து நேர்ந்ததுண்டு. கணினியில் தமிழை ஏற்றும் முயற்சியில் மலேசியத் தமிழர் முன்னணியில் நின்றனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் அதற்குச் சான்று. ஆனால் அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. யூனிகோடு என்னும் உலகப் பொது முறை 1991-இல் தமிழுக்கும் இடமளித்ததாயினும், அது வழக்கில் வேரூன்றப் பல ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் தட்டெழுதிய கோவில் மலர்களும், பள்ளி இதழ்களும், கவிதைத் தொகுதிகளும் இன்று சில கணினிகளில் உறங்குகின்றன. அவற்றைத் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாமையால், பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. வட்டெழுத்துக் கல்வெட்டின்முன் நிற்கும் வழிப்போக்கன் நிலை அது. எழுத்து இருக்கிறது, படிப்பாரில்லை. வட்டெழுத்து மறையப் பல நூற்றாண்டுகள் சென்றன. இதற்கு இருபது ஆண்டுகளே போதியவாயின.

ஆகையால், காத்தல் என்பது ஒரு நாளிற் செய்து முடிக்கும் காரியமன்று. தோட்டத்திற் பிறந்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. பால்மரத்தை ஒரு நாள் சீவிவிட்டு மறுநாள் மறந்தவன் பாலெடுப்பதில்லை. மின்னேடுகளைக் காப்போர் ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையால் ஓர் அடையாள எண் கண்டு குறித்து வைக்கின்றனர். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். குறித்த காலந்தோறும் மீண்டும் கணக்கிட்டு, பழைய எண்ணோடு ஒத்துப் பார்க்கின்றனர். விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களைச் சரிபார்த்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றே. அன்றியும், ஒரே பிரதியை நம்பியிராமல், பல பிரதிகளைப் பல இடங்களில் வைக்கின்றனர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதற்கென வகுத்த முறையின் பெயரே, ‘பிரதிகள் பலவாயின் பொருள் பிழைக்கும்’ என்னும் கருத்துடையது.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவரல்லர். பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாவது. சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது அரிது. எனவே ஏடு நைந்துபோகுமுன் பிரதி செய்துகொண்டே வந்தனர். பிரதி செய்வார் இருந்தவரையில் நூல் இருந்தது. அவர் மறைந்தவுடன் நூலும் மறைந்தது. அதுமாத்திரமன்று. பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடுவதும் நெருப்பில் இடுவதும் புண்ணியமென்று கருதிய மூடத்தனமும் நம்மவரிடையே இருந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும், சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடியிராவிடில், இன்று நாம் பெருமை பேசும் நூல்களிற் பல பெயரளவிலேயே நின்றிருக்கும். மூடத்தனத்தோடு பகைமையும் சேர்ந்துகொள்ளும் காலமுண்டு. 1981-ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒற்றைப் பிரதியாயிருந்தவற்றை எக்கடையில் வாங்குவது?

இவ்விழப்புகளிலிருந்து பாடங் கற்றோரும் உளர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்கள், தமிழிலக்கியங்களை எவரும் விலையின்றிப் படிக்கும்படி ‘மதுரைத் திட்டம்’ என்ற பணியைத் தொடங்கினர். ஈழத்து எழுத்துகளுக்கென ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் 2005-இல் எழுந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார் சேர்த்த பெருந்தொகுதியைக் கொண்டு, 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களோடு நில்லாமல், நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும் துண்டுத் தாள்களையுங்கூடச் சேர்த்து வைத்தார். கற்றோர் குப்பையென்று ஒதுக்கியவற்றுள் ஒரு சமூகத்தின் வாழ்வு கிடக்கிறது என்பதை அவ்வெளியவர் கண்டுகொண்டார். இச் செய்தி எம்மைச் சிந்திக்கச் செய்தது. காவியங்களைக் காக்க ஆளுண்டு. பால்மரம் வெட்டியவனுடைய தாளை யார் காப்பது?

பாடத்தின் நடுவில், “உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து முறைப்படி மின்னேடாக்குங்கள்” என்று எம் ஆசிரியர் பணித்தார். உடன் பயின்றோர் சிலர் கொண்டுவர அழகிய பொருள்கள் இருந்தன. எம் வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டியே. தொண்ணூறு வயதை நெருங்கும் எம் பாட்டியார், தோட்டத்து லயம் இடிக்கப்பட்டபோது தம் கையில் எடுத்துக்கொண்டு வந்த பெட்டி அது. அதனுள் பழைய அடையாள அட்டைகளும், பிறப்புச் சான்றும், சில புகைப்படங்களும், துணியிற் சுற்றிய ஒரு நோட்டும் இருந்தன. பாட்டியாரின் தந்தையார், அதாவது எம் கொள்ளுப்பாட்டனார், எழுதப் படிக்கத் தெரிந்தவர். அக்காரணத்தால், கங்காணியின் கணக்கை எழுதிக்கொடுக்கும் வேலை அவருக்கு வாய்த்திருந்தது. அக் கணக்கு நோட்டே அது. தொழிலாளர் பெயரும், வாங்கிய முன்பணமும், கழித்த கடனும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சில பெயர்களுக்கெதிரே வேறு மையில் ஒரே சொல் இருந்தது: ‘சயாம்.’

அச் சொல்லின் பொருளைத் தோட்டத் தமிழர்க்கு விளக்கவேண்டுவதில்லை. மலாயா ஜப்பானியர் வசமான 1942-ஆம் ஆண்டில், சயாமிலுள்ள பான் போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசாயாட் வரையில் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினர். 1943 அக்டோபரில் முடித்தனர். அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையினர் கொண்டுபோகப்பட்டனர். அங்கே உழைத்து மாண்ட போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. அதில் 6,900-க்கு மேற்பட்ட போர்வீரர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். மிகப் பலருடைய பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குச் செய்த மரியாதை தகும். ஆயின் நம்மவர் நிலை யாது? சென்றோர் எத்தனைபேர், மாண்டோர் எத்தனைபேர் என்பதற்கே மதிப்பீடுகள்தாம் உண்டு. மதிப்பீட்டுக்கு மதிப்பீடு பல பதினாயிரம் வேறுபடுகிறது. படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது. ஆகவே அவன் இறந்தும் பெயரோடு இருக்கிறான். தொழிலாளிக்குப் பதிவேடு இல்லை. ஆகவே அவன் தொகையாகவே இருக்கிறான். அத் தொகையும் உறுதியாக இல்லை.

இப்பொழுது நேயர்கள் அந் நோட்டின் பெருமையை உணர்வர். ஒரு தோட்டத்தில், ஒரு கங்காணியின் ஆட்களுள், சயாம் சென்றோர் பெயர்கள் அதில் இருக்கின்றன. அப் பெயர்களுள் ஒன்று பாட்டியாரின் மூத்த தமையனாருடையது. தந்தையே தம் மகன் பெயருக்கெதிரே அச் சொல்லைத் தம் கையால் எழுதியிருக்கிறார். அண்ணன் ரயிலேறிய நாளில் பாட்டியார் ஆறேழு வயதுச் சிறுமி. அவர் திரும்பவில்லை.

இந்த அளவில் நின்றிருந்தால் எமக்கு வழக்கொன்றும் எழுந்திராது. ஆனால் அந் நோட்டில் மற்றொரு பத்தியும் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் அடுத்து, அவரவர் சாதி எழுதப்பட்டிருந்தது. எவர் எந்த லயத்தில் இருப்பது, எவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுப்பது என்பவற்றையெல்லாம் கங்காணி அப் பத்தியைப் பார்த்தே முடிவு செய்தான் என்று பாட்டியார் கூறினார். படம் பிடிக்கப்போகும் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. “பேரை மட்டும் வச்சுக்க ஐயா. பக்கத்துல எழுதியிருக்கிறதைக் கத்தரிச்சு எரிச்சிடு. அது எங்க காலத்தோட போகட்டும்” என்றார்.

உண்மையைச் சொல்லுகிறோம்: அவ்வார்த்தை எமக்கு மகிழ்ச்சியே தந்தது. சாதி ஒழிய வேண்டுமென்று சிறுவயது முதற் கேட்டு வளர்ந்தவர் நாம். பெயருக்குப் பின்னிருந்த வாலை நம் மக்கள் அறுத்தெறிய எத்தனை ஆண்டுகள் பாடுபட்டனர்! அறுத்த வாலை உலகமெங்குந் தெரியும்படி மின்னூலகத்தில் ஏற்றுவது அறிவாகுமோ? இன்று ஒருவர் பெயரைக் கணினியில் தட்டினால் நொடியில் விவரம் வந்து நிற்கிறது. பெண் பார்ப்பவனும் மாப்பிள்ளை தேடுபவனும் எதிர்த் தரப்பின் பாட்டன் சாதியைத் துருவிக் காண நாமே ஒரு கருவி செய்து கொடுப்பதா? இவ்வாறெல்லாம் எண்ணிக் கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டோம்.

கத்தரிக்குமுன் ஆசிரியரிடம் சொல்லிப் போகலாமென்று சென்றோம். அவர் ஆணை எதுவும் இடவில்லை. “இந் நோட்டு யாருடையது?” என்று மாத்திரம் கேட்டார். எளிய கேள்வியாய்த் தோன்றிய அது எம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. நோட்டு கங்காணியின் காசில் வாங்கியது; எழுத்து எம் கொள்ளுப்பாட்டனாருடையது; வாழ்வோ அதிற் பெயர் கண்ட தொழிலாளருடையது; அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று எங்கோ இருக்கின்றனர்; பெட்டி பாட்டியாருடையது. இவர்களுள் ஒவ்வொருவருக்கும் அதில் உரிமையுண்டு. ஒருவருக்கும் முழு உரிமையில்லை. எனவே, ஒருவர் மனம் ஆறுவதற்காக மற்றெல்லாருடைய சான்றையும் வெட்டியெறிய எமக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

மீண்டும் நோட்டைப் புரட்டினோம். இம்முறை பத்திகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தோம். ‘சயாம்’ என்னும் சொல் எல்லாப் பெயர்களின் எதிரிலும் சமமாக விழுந்திருக்கவில்லை; கங்காணியின் கண்ணில் தாழ்ந்தவராயிருந்தவர் பெயர்களின் எதிரிலேயே அது பெரிதும் காணப்பட்டது. ஒரு நோட்டைக் கொண்டு நாடு முழுவதற்கும் முடிவு கட்டலாகாது. ஆயினும் அத் தோட்டத்தில் மரணத்துக்கு ஆள் பொறுக்கியபோதும் சாதி ஒரு கணக்காய் நின்றது என்பதற்கு அப் பத்தியே சான்று. அதைத் தவிர வேறு சான்றில்லை. அதனை வெட்டிவிட்டால் எஞ்சுவது என்ன? ஆட்களை வேற்றுமையின்றி வரிசைப்படுத்திய ஒரு நல்ல கங்காணியின் நேர்மையான கணக்கு! எம் கத்தரிக்கோல் அக் கங்காணியை நல்லவனாக்கிவிடும்.

கங்காணியை மட்டுமா? அக் கணக்கை எழுதிய கை எம் குடும்பத்தின் கை. பாட்டியாரின் முகம் வாடியதன் காரணம் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அவர் தம் சாதிக்காக நாணவில்லை; தம் தந்தையின் எழுத்துக்காக நாணினார். நாமும் சீர்திருத்தத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, எம் குடும்பத்தின் கறையையே துடைக்க முற்பட்டோம். சாதியை ஒழிப்பது வேறு. சாதி செய்த கொடுமையின் சுவட்டை ஒழிப்பது வேறு. முன்னது இழிவுபட்டவனுக்கு நன்மை. பின்னது இழிவுபடுத்தியவனுக்கு நன்மை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவது சீர்திருத்தக்காரர்க்கு எளிதில் நேரும் பிழை.

அவ்வாறாயின், முழுதும் எல்லார்க்கும் திறந்து வைத்துவிடலாமோ? அதுவும் நேர்மையன்று. நோட்டிற் பெயர் கண்டோர் எவரும், ‘எம் சாதியை எழுதிக்கொள்க’ என்று கேட்டவரல்லர். கேளாமல் எழுதியது ஒரு கொடுமை. கேளாமல் உலகுக்குக் காட்டுவது இரண்டாவது கொடுமை. இறந்தோர்க்கு உண்மை கடமைப்பட்டிருக்கிறது. இருப்போர்க்கு இரக்கம் கடமைப்பட்டிருக்கிறது. இவ்விரண்டு கடன்களையும் ஒருங்கே தீர்க்கும் வழியொன்று வேண்டும். காத்தலும் காட்டலும் ஒரே செயலல்ல என்று தெளிந்தபோது அவ்வழி புலப்பட்டது. காத்தல் முழுமையாய் இருத்தல்வேண்டும். அதில் விருப்புவெறுப்புக்கு இடமில்லை. காட்டல் அளவோடு இருத்தல்வேண்டும். அதில் பிறர் நோவை எண்ணிப் பார்க்க இடமுண்டு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். “ஏட்டைப் பூட்டி வைத்துப் பிறருக்குக் காட்டாது மறுத்த பழைய பண்டிதரின் குற்றத்தையல்லவா நீரும் செய்கின்றீர்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பூட்டு என்பது எப்பொழுதும் ஐயத்துக்குரியதே. ஆயினும் வேற்றுமை ஒன்றுண்டு. அவர் பூட்டியது தம் பெருமையைக் காக்க. நாம் பூட்டுவது பிறர் மானத்தைக் காக்க. இவ்வாறு சொல்லிவிட்டால் போதாது. எவனும் அவ்வாறு சொல்லிக்கொள்ளக்கூடும். ஆகையால் எமக்கு நாமே மூன்று கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டோம். மறைத்த பகுதி உண்டென்பதையும், அதில் இருப்பது இன்னதென்பதையும் விவரக்குறிப்பில் வெளிப்படையாக எழுதிவைத்தோம். மறைத்திருக்கிறோம் என்பதை மறைக்கவில்லை. பெயர் கண்டோரின் வழித்தோன்றல்கள் கேட்டால், தம் முன்னோர் பக்கத்தை முழுமையாகக் காண உரிமையுண்டு என்று குறித்தோம். நோட்டிற் கண்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்து மறையும் காலத்தின் பின்னர் பூட்டு தானே கழலும்படி ஓர் ஆண்டையும் குறித்தோம். எல்லையற்ற பூட்டு பாதுகாப்பன்று, அது புதைகுழி.

இவற்றையெல்லாம் பாட்டியாரிடம் சென்று விளக்கினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பன் எழுதினது அப்பன் பேருலயே இருக்கட்டும். நீ ஒண்ணும் மாத்தாதே” என்றார். அதன்பின் அவர் செய்த உதவியே பெரிது. நோட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு விவரஞ் சொன்னார். இன்னார் நன்றாகப் பாடுவார். இன்னாருக்குக் கைக்குழந்தை இருந்தது. இன்னாரை எல்லாரும் வேறு பெயரிட்டு அழைப்போம் என்று கூறிக்கொண்டே வந்தார். கணக்குக் கடனாளியென்று மாத்திரம் காட்டிய ஆட்கள் அவர் வாயில் மனிதராயினர். மூன்று பெயர்களைப் படித்தபோது மாத்திரம் தலையசைத்தார். அம் மூவரை அறிந்தோர் இன்று ஒருவருமில்லை. பத்தாண்டுக்கு முன்னர் வாழ்ந்த கிழவர் ஒருவர் அறிந்திருப்பார் என்றார். விவரக்குறிப்பு என்று பாடத்திற் சொல்லப்பட்டது உயிருள்ள மனிதரிடத்தில் இருக்கிறது. அவர் போனபின் எந்தக் கருவியாலும் அதனை மீட்க முடியாது. இதனை நாம் அன்றுதான் கற்றோம்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ? தோட்டத்தை விட்டு வெளியேறி, வீட்டுக்கும் வேலைக்கும் அல்லற்படும் மக்களுக்குப் பழைய தாள் எதற்கு?” என்று சிலர் வினவலாம். நம் வரலாறே அதற்கு விடை கூறும். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற தமிழர் எத்தனையோ பேர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்றானபோது, பல்லாயிரவர் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். தாளில்லாதவனுக்குத் தன் பிறந்த மண்ணும் அயலாகிவிட்டது. பிறப்புச் சான்று இல்லாமையால் பள்ளியிற் சேர்க்கவும் பதிவு செய்யவும் அலைந்த தாய்மாரை நம் சுற்றத்திலேயே கண்டிருக்கிறோம். செம்பனை வந்து பால்மரம் போயிற்று. லயம் இடிந்து குடியிருப்பு நகரம் எழுந்தது. சிரம்பானைச் சூழ்ந்த இடங்களில் நேற்றுப் பெரட்டுக்களமாயிருந்த நிலம் இன்று கடைவீதி. ‘நாங்கள் இங்கே இருந்தோம்’ என்று சொல்ல மரமும் இல்லை, சுவரும் இல்லை. தாள்தான் உண்டு.

தாளைக் காக்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. புகைப்படத்தின் பின்புறம், மைப் பேனாவை விடுத்து மென்மையான பென்சிலால், இருப்போர் பெயரையும் ஊரையும் எழுதலாம். பழைய சான்றுகளைப் பளபளப்புக்காக பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டிவிடாமல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் காகித உறையில் வைக்கலாம். படம் பிடித்தால் மூன்று பிரதி செய்து, அவற்றுள் ஒன்றை வேற்றூரில் உள்ள உறவினரிடம் கொடுக்கலாம். ஆண்டுக்கொருமுறை அவை திறக்கின்றனவா என்று பார்க்கலாம். பென்டிரைவில் ஏற்றிவிட்டோம் என்று உறங்குவது தகாது. கோவில் மலரும் பள்ளி மலரும் வெளியிடுவோர், 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்பும் கடமையை மறத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியோரிடம் உட்கார்ந்து, அவர் இசைவு பெற்று, பெயர்களைக் கேட்டு எழுதலாம். இசைவு பெற்று என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். நாணத்தக்கதைச் சொல்லும் ஒருவர் நம்மை நம்பியே சொல்லுகிறார்.

நேயர்களே! காக்கத்தக்கது எது என்ற கேள்வி, எவன் வாழ்வு கணக்கில் சேரத்தக்கது என்ற கேள்வியேயாகும். துரைமாரின் அறிக்கைகளும் கம்பெனிகளின் வரவுசெலவும் லண்டன் வரையில் சென்று பத்திரமாயிருக்கின்றன. அவற்றில் நாம் எண்ணிக்கை. நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில்தாம் நாம் பெயர். அப் பெட்டிகளைத் திறக்குங்கால் பெருமை தருவனவும் வெளிவரும். தலைகுனியச் செய்வனவும் வெளிவரும். பெருமையை மட்டும் பொறுக்கியெடுத்துச் சிறுமையைக் கத்தரிப்போமாயின், நாம் காத்தது நம் வரலாறன்று, நம் விருப்பம். முழுதுங் காப்போம்; பிறர் புண்படாமற் காட்டுவோம்.

அந் நோட்டின் பிரதிகள் இன்று மூன்றிடங்களில் இருக்கின்றன. மூலநோட்டு, பாட்டியாரின் விருப்பப்படி, துணியிற் சுற்றி மீண்டும் அத் தகரப் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர்களை மாத்திரம் தனியே எழுதி, படிக்க விரும்பும் எவர்க்கும் கொடுத்து வருகிறோம். அம் மூன்று பெயர்களையும் நீக்கவில்லை. அவற்றின் எதிரே விவரம் எழுத வேண்டிய இடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறோம். அவர்களை அறிந்தார் எவரேனும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் இன்னும் இருக்கக்கூடும்.